கரண்ட் விற்கிறவர் வீடு

மொட்டைமாடியில் சோலார் பலகைகள் போட்டதிலிருந்து தணிகாசலம் தெருவில் ஒருவரையும் விடவில்லை. "நாம வாரியத்துக்கே கரண்ட் விக்கிறவங்க. கரண்ட் போனா நம்ம வீட்டுக்கு வந்துடுங்க."

ஒருநாள் நண்பகலில் தெரு முழுக்க மின்சாரம் நின்றுபோனது. எதிர்வீட்டு மரகதம், நெபுலைசரும் கையுமாக, மூச்சிரைக்கும் மாமனாரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிளக்கைச் செருகினார்கள், மிஷின் ஓடவில்லை. லைனில் கரண்ட் இல்லாவிட்டால் சோலாரும் தானாக நின்றுவிடும் என்று மாட்டியவன் அன்றைக்கே சொல்லியிருந்தான். அதை மட்டும் தணிகாசலம் தெருவுக்கு ஒலிபரப்பவில்லை.

"வித்தது போக வீட்டுக்குக் கொஞ்சம் வச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்றாள் மரகதம், ஆட்டோவுக்குப் போன் போட்டபடி.

தணிகாசலம் மாடி ஏறினார். சுள்ளென்ற வெயிலில், காலையில்தான் துடைத்த பலகைகளை வேட்டி நுனியால் மறுபடி துடைக்கத் தொடங்கினார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்ட பிறகும் இறங்கி வரவில்லை.