பேர் வெட்டிய தட்டு

இலஞ்சியில் மத்தியானச் சாரல் தூறிக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் இசக்கிச்செல்வி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எவர்சில்வர் தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். புருஷன் மணிமுத்து ஆசைப்பட்டு வாங்கிய சின்ன லேசர் மெஷினில் முதன்முதலாக வெட்டிய பேர் அவளுடையதுதான். போன வாரம் அது தட்டில் எழுத்தெழுத்தாகக் கருகி விழுந்தபோது, அவள் குனிந்து வேடிக்கை பார்த்தாள். தட்டில் பட்டுத் தெறித்த நீல ஒளி வலது கண்ணுக்குள் போய்விட்டது. இப்போது அந்தக் கண்ணால் எங்கே பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. சரியாகுமா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. அந்த ஒளியைத் தடுக்க மெஷினோடு வந்தது ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி. அதை மணிமுத்து போட்டிருந்தான். தள்ளி நில்லு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அந்தப் பச்சைக் கண்ணாடி எதுக்குங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்கிறாள்.

மணிமுத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். “அது... புகைக்காக. கண்ணு எரியாம இருக்க.”

“அப்போ உங்க கண்ணுலயும் பட்டிருக்கும்லா!” பதறி எழுந்து வருகிறாள். சோப்பு வாசனையடிக்கும் உள்ளங்கையால் அவன் இடது கண்ணை மூடி, தட்டை முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். “வாசிங்க பார்ப்போம்.”

ஒரு புள்ளிகூட மறையாமல் தெரிகிறது. அவள் பேரை மெல்ல வாசிக்கிறான்.

“அப்பாடி, உங்களுக்கு ஒண்ணும் ஆகல” என்று மூச்சு விடுகிறாள். அவள் எடுக்கப்போன கையைப் பிடித்திழுத்து, திறந்திருக்கும் தன் வலது கண்ணின் மேல் வைத்து அழுத்திக்கொள்கிறான்.