கோழிக்கால் குடிசை

“காலை இறுக்கிப் பிடியக்கா, உதறுறாள்!” என்றான் செல்வரத்தினம்.

அக்கா பிடித்தாள். உதறல் வலுத்தது, இரண்டு இறகுகள் பறந்தன. கால்கள் இரண்டும் ஒருவாறு கடதாசியில் ஏறி முடிந்ததும் கோழி கல்மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

அது 1938ஆம் வருடம். யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்று ருஷ்ய நாட்டுக் கதைகளைத் தமிழில் போடுவதாக இருந்தது. படங்கள் ஆறும் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் செல்வரத்தினத்தின் பொறுப்பு. அவன் உறைபனியைக் கண்டதில்லை, கரடியையும் கண்டதில்லை. பனிக்குக் கடதாசியின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டான். கரடி, அயல்வீட்டு நாம்பன் மாட்டின் தோரணையில் நின்றது. குதிரைக்கு மட்டும் நெடுந்தீவில் குறைவில்லை.

அக்கா கடைசிப் படத்தை வாங்கிப் பார்த்தாள். கோழிக்கால்களில் எழுந்து நிற்கும் குடிசை. அதன் முன்னால், உரலுக்குள் ஏறி நின்று உலக்கையைத் துடுப்பாகப் பிடித்த சூனியக்கிழவி. அவள் காலடியில் விறகு சுமந்தபடி ஒரு சின்னப் பெண்.

“அடேய், இது ஆர்?”

“ருஷ்யாக் கிழவி. உரலிலை ஏறிப் பறப்பாள்.”

“ருஷ்யாவோ? அந்த மூக்கும் நாடியும் பார்வதிப்பிள்ளையக்கா எல்லோ! விசரா, உனக்கு அன்னபூரணம் வேணுமோ வேண்டாமோ?”

செல்வரத்தினம் எட்டிப் பார்த்தான். உண்மைதான். போன கிழமை அக்கா அவனுக்காகப் பெண் கேட்டுப் போனபோது, அவன் படலைக்கு வெளியே நின்று அன்னபூரணத்தின் தாயை இடுக்கால் பார்த்தவன். அந்த முகம் அவனைக் கேட்காமலே கையில் இறங்கியிருந்தது.

அன்று பார்வதிப்பிள்ளை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேசினாள்.

“நான் என்னைப் பெத்த ஐயாவின்ர சொந்த அக்கா மகனைத்தான் கட்டினனான். என்ர பெட்டையும் சொந்தத்துக்குள்ளைதான் போவாள். உம்மட தம்பியைத்தான் வேணுமெண்டு அவள் அழுறாள் எண்டபடியால் யோசிக்கிறன். வெள்ளிக்கிழமை மறுமொழி சொல்லுறன்.”

“வேறை முகம் கீறு” என்றாள் அக்கா.

“நேரமில்லை. நாளைக்கு விடிய வள்ளத்திலை ஏத்தாட்டி அச்சகக்காரர் வேறை ஆளைப் பிடிச்சிடுவினம்.”

“வள்ளம் ஆரின்ர?”

செல்வரத்தினம் படங்களை அடுக்கத் தொடங்கினான். வள்ளம் பார்வதிப்பிள்ளையின் புருசன் இலட்சுமணனுடையது.

“ஓலைப் பெட்டிக்குள்ளை வைச்சுக் கட்டி விடுறன். ஆர் திறக்கப் போகினம்?”

வாடைக்காற்றுத் திறந்துவிட்டது. பாதிக் கடலில் அலை உள்ளே அடிக்க, இலட்சுமணன் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். நனைந்த பெட்டியை அவிழ்த்து உள்ளே இருந்ததைக் காயப்போட்டவள் பார்வதிப்பிள்ளை. மத்தியானம் இலட்சுமணனே வந்து கூப்பிட்டான்.

“தம்பி, உம்மை உடனை வரட்டாம்.”

முற்றத்துக் கொடியில் ஐந்து படங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஆறாவது பார்வதிப்பிள்ளையின் கையில் இருந்தது. குசினிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு நின்றது.

“இது நீர் கீறினதோ?”

“ஓம்.”

“இந்தக் கிழவி என்ன செய்யிறவள்?”

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. “கெட்டவள். அந்தப் பிள்ளையைத் தண்ணி அள்ளு, விறகு சும எண்டு ஆக்கினைப்படுத்துவாள். எவ்வளவு செய்தாலும் குறைதான் சொல்லுவாள்.”

“கடைசியிலை அந்தப் பிள்ளை?”

“தப்பிப் போயிடுவாள்.”

“குடுத்துவைச்சவள்” என்றாள் பார்வதிப்பிள்ளை. குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. படத்தைப் புருசனிடம் நீட்டினாள். “ஆர் எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

இலட்சுமணன் படத்தைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான். எத்தனையோ புயலுக்குள் பாய் இறக்கியவனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“எனக்கு... எனக்குக் கண் வடிவாத் தெரியேல்லை” என்றான்.

இனி ஒளித்துப் பயனில்லை என்று செல்வரத்தினம் முன்னால் வந்தான். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வேணுமெண்டு...”

பார்வதிப்பிள்ளை கையை உயர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“தம்பி, உம்மட அக்காவை வரச் சொல்லும், நாள் வைப்பம். பெட்டையைச் சொந்தத்துக்குள்ளை குடுக்கிறேல்லை எண்டு இந்தப் படத்தைப் பாத்தாப்பிறகுதான் முடிவெடுத்தனான்.”

குசினிக்குள் ஏதோ பாத்திரம் கை நழுவி விழுந்தது. செல்வரத்தினம் ஒன்றும் விளங்காமல் நின்றான்.

அவள் படத்தைப் புருசனின் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“இஞ்சருங்கோ, பெத்த தாயின்ர முகமுமே மறந்துபோச்சு உங்களுக்கு?”