இனித் தேவைப்படாத சாமான்

ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பங்கின் பெரியவர்களுக்கு ஓர் ஒன்றுகூடல் வைக்கவேண்டும், ஆனால் செலவு கூடாது என்று பாதர் சொன்னபோது வழி கண்டுபிடித்தவள் டோரின்தான்.

"பரிசு ஒண்டும் வாங்க வேண்டாம். வீட்டில இனித் தேவைப்படாத புதுச் சாமான் ஒண்டைச் சுத்திக்கொண்டு வாங்கோ. சீட்டுக் குலுக்கி மாத்துவம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் கணவர் ஹியூபேட்டையும் அவள் விடவில்லை.

"நீங்களும் ஒண்டு கொண்டுவரவேணும். அலுமாரியைத் திறந்து பாருங்கோ, எவ்வளவு சும்மா கிடக்குது!"

"பாத்தனான்," என்றார் அவர்.

ஒன்றுகூடலன்று மண்டபத்தில் ஒரே சிரிப்பு. பங்குப் பெரியவர் பற்றிக் தனக்கு விழுந்த பொதியைப் பிரித்துக் கூவினார்.

"நீலக்கோடு போட்ட சேட்! ஊசிகூடக் கழட்டேல்லை! ஆருக்கப்பா இது தேவையில்லாமப் போனது?"

டோரின் எட்டிப் பார்த்தாள். போன நத்தார்ப் பண்டிகைக்கு அவள் வாங்கிய சேட் அது.

சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போன அவர்களின் பதினாறு வயது மகனை யாரோ வான் வண்டியில் ஏற்றிப்போய் எட்டு வருடம். ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு சேட் வாங்கி, வளர்ந்திருப்பான் என்று அளவையும் கூட்டிக் கூட்டி, அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தாள்.

பற்றிக் அதைப் போட்டுப் பார்த்தார். "அளந்து தைச்ச மாதிரி இருக்குது!"

டோரின் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆராவது உடுக்கட்டும், டோரின்," என்றார் ஹியூபேட், தலை நிமிராமலே.