கொஞ்சம் பிடிங்க

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உள்ளே வந்த பெண்ணிடம் தொண்டு நிறுவன மேலாளர் விண்ணப்பத்தை நீட்டினார்.

“வெளிநாட்டுக் கிராமத்துல ரெண்டு வாரம் தண்ணி வசதி செஞ்சு கொடுக்கணும். அப்புறம் ஒரு வாரம் மலையேற்றம், படகுன்னு ஜாலிதான். பள்ளம் தோண்டுவீங்களா?”

“தோண்டியிருக்கேன்.”

“குடம் சுமக்க வேண்டி வரும்.”

“சுமந்து சுமந்து பழக்கம்தான்” என்று பல்லைக் கடித்தாள்.

தொண்டு செய்ய வந்தவளுக்கு இவ்வளவு கோபமா என்று அவருக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும், சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியிருந்த பெரிய ஸ்பேனரைப் பெருமையோடு காட்டினார்.

“போன வருஷம் அடிபம்பு போட்டுக் கொடுத்த ஊர்ல, கிளம்பறப்ப ஒரு அம்மா என் கையில கொடுத்த அன்பளிப்பு.”

அவள் நாற்காலியில் ஏறிப் பெட்டியைத் திறந்தாள்.

“ஏம்மா, என்ன பண்றே?”

“வேலைக்குன்னு இந்த நாட்டுக்கு வந்ததும் முதல்ல உங்களைத்தான் தேடி வந்தேன். எங்க ஊர் பம்புக்கு இருந்த ஒரே ஸ்பேனர் இது. நட்டு கழண்டு எட்டு மாசமா பம்பு சும்மா நிக்குது. கொடுத்தது எங்க அம்மாதான். செருப்பை மாட்டிக்கற வரைக்கும் கொஞ்சம் பிடிங்கன்னுதான் சொன்னாங்க. நீங்க பிடிச்ச பிடியை விடாம பிளேன் ஏறிட்டீங்க!”