நம்பி வாங்கலாமா?

காருக்கு அடியிலிருந்து மெக்கானிக் முதுகாலேயே நகர்ந்து வெளியே வந்தார். உடனே எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

காலையிலிருந்து இது ஐந்தாவது வண்டி. இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். சொல்வது என்று பேர், கேட்கிறவர் யாருமில்லை. மனதுக்குள் வாங்கி முடித்து, அதில் ஏறி ஊரை இரண்டு சுற்றும் சுற்றிவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். வண்டியில் குறை என்று சொன்னால், ஏதோ அவர்தான் அதை உள்ளே வைத்துவிட்டு வந்த மாதிரி முறைப்பார்கள்.

அதிலும் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு இரண்டே இருக்கை. சிவப்பு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. வயது இருபத்தாறு. விற்கிறவர் ஒரு பல் டாக்டர். தன் கிளினிக்குக்குப் பின்னால் நிறுத்தி, துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு நோயாளியைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

வாங்க வந்தவர் சுவரோர நிழலில் நின்றிருந்தார். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சர்வேயர். அறுபத்தெட்டு வயது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. லைசென்ஸ் எடுத்தே இரண்டு மாதம்தான் ஆகிறதாம். சற்று முன்னால் அந்தக் காருக்குள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். இறங்குவதற்கு மெக்கானிக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வண்டி? மெக்கானிக் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு இல்லை.

எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மழுப்பாமல் சொன்னார். ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. ரேடியேட்டர் ஒழுகுகிறது, சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் கொதித்துவிடும். கிளட்ச் கடைசி மூச்சில் இருக்கிறது. அடித்தகட்டில் துரு, விரலால் குத்தினால் விரல் உள்ளே போகிறது. பானெட்டுக்குள்ளிருந்து மேலே எழும்ப வேண்டிய முன்விளக்குகளில் ஒன்று எழுந்திருக்கிறது, இன்னொன்று அரைக் கண் திறந்து தூங்குகிறது.

வழக்கமாக இந்த இடத்தில் எதிராளியின் முகம் சுருங்கும். அதெல்லாம் சின்ன விஷயம்தானே என்று ஒரு கெஞ்சல் வரும்.

சர்வேயர் ஒரு நோட்டை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். எது எத்தனை நாளைக்கு ஒரு தரம் தகராறு பண்ணும் என்று கேட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதினார். எழுத எழுத அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

காது மந்தமோ என்று மெக்கானிக்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குரலை உயர்த்தி இன்னொரு தடவை சொன்னார்.

பிறகு மனசு கேட்காமல், முந்தின நாள் தான் பார்த்த ஒரு வெள்ளைக் காரைப் பற்றியும் சொன்னார். பார்க்கச் சப்பென்று இருக்கும். ஆனால் பத்து வருடத்துக்கு பானெட்டைத் திறக்க வேண்டியிருக்காது.

அது வேண்டவே வேண்டாம் என்று சர்வேயர் அவசரமாகத் தலையாட்டினார்.

சரி, அவரவர் தலையெழுத்து. கடைசியாக ஒன்றைச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று மெக்கானிக் நினைத்தார்.

"சார், இந்த இன்ஜினைப் பிரிச்சு மாட்டத் தெரிஞ்சது இந்த ஊருல ஒரே ஆள்தான். தண்ணி டேங்குக்குப் பின்னாடி இருக்கிற ஒர்க்‌ஷாப். மாசத்துல ஒரு நாளாவது அங்க போய் உக்காரணும், பரவாயில்லையா?"

சர்வேயர் பேனாவை மூடினார்.

"காலையில எத்தனை மணிக்குத் திறப்பா?"

துணியை மடித்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் கை நின்றது.

ஆள் என்றுதான் சொல்லியிருந்தார். பெண் என்று சொல்லவில்லை. அந்த ஒர்க்‌ஷாப்காரியை ஒருமையில் பேச இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு அவள் மேடம். மெக்கானிக்குக்கே அவள் 'என்னம்மா, வாங்கம்மா'தான்.

போன வருடம் ஜாக்கி நழுவி அவள் கை நசுங்கியபோது மெக்கானிக்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே வீட்டு ஆட்களின் நம்பர் கேட்டார்கள். அப்பா இருக்கிறார், கிரீஸ் கையோடு வீட்டுக்குள் கால் வைக்காதே என்று சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது என்றாள். வலியிலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மெக்கானிக் போட்டார்.

சர்வேயர் அவரைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வண்டி நின்னு போச்சுன்னு வந்து நிக்கிற மனுஷனை, வெளிய போன்னு சொல்ல மாட்டாள்ல?"

மெக்கானிக் துணியை மடித்து வைத்தார். அவள் யாரையும் அப்படி அனுப்பியதில்லை என்றார். எட்டு மணிக்கெல்லாம் திறந்துவிடுவாள் என்றும் சொன்னார்.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வெளியே வருவது தெரிந்தது. சர்வேயர் கிட்டே நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

"நிச்சயமா நிக்குமா?"

இத்தனை வருடத் தொழிலில் மெக்கானிக் எந்த வண்டிக்கும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

"பயப்படாம வாங்குங்க சார்" என்றார். "கண்டிப்பா நின்னுடும்."