மூன்றாவது வரிசை

மேனேஜருக்கு நாளை பணி ஓய்வு. கடைசி பிரசன்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக்கு மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாம வேலையில சேர்ந்த புதுசுல, முதல் பிரசன்டேஷன்னு எனக்குக் கைகால் வெலவெலத்துப் போச்சு. மூணாவது வரிசையில நீ ஒருத்திதான் தலையாட்டிட்டே இருந்தே. உன்னைப் பார்த்துதான் பேசி முடிச்சேன்."

"இப்பவாவது சொல்லிடறேன். அடுத்துப் பேச வேண்டியது நான். பயத்துல என் பேச்சை மனசுக்குள்ள ஒப்பிச்சுட்டிருந்தேன். அதுக்குத்தான் தலை ஆடுச்சு. நீங்க பேசினது ஒரு வார்த்தைகூடக் காதுல விழலை."

"அப்புறம் எப்படி அவ்வளவு தைரியமா பேசினே?"

"நீங்க இறங்கி வந்து உக்காந்து, நான் பேசப் பேசத் தலையாட்டினீங்களே. அந்தத் தெம்புதான்."

அவர் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். அன்று அவர் தலை ஆடியது, மேடையை விட்டு இறங்கியும் நிற்காத நடுக்கத்தில். முப்பது வருஷமாகச் சொல்லாததை இன்றும் அவர் சொல்லவில்லை.