ஹாரனின் ரிலே
கணவனை விட்டே போகிற மனைவி காருக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறாள். பின்சீட்டில் அவளுடைய பெட்டிகள். வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் கணவன் பானட்டுக்குள் குனிந்து, சோதனை விளக்கை, என்ஜினுக்குக் கரண்ட் கடத்தும் சின்ன ரிலேயில் வைத்துப் பார்க்கிறான். நம்பாமல் மறுபடியும் வைக்கிறான். கரண்ட் உள்ளே வருகிறது, என்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. மாலை வெயிலில் அவன் கை எண்ணெயாய் மின்னுகிறது. “ஊர் வண்டியெல்லாம் ஓடும், மெக்கானிக் பொண்டாட்டி வண்டி மட்டும் நிக்கும். ஆகாதுன்னா சொல்லிடு, நாளைக்குக் கிளம்பறேன்,” என்கிறாள். ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த ராத்திரி அவள் வீட்டில் இருப்பாள். அவன் அதே மாதிரியான ஹாரன் ரிலேயைப் பிடுங்கி, கெட்டுப்போன ரிலேயின் இடத்தில் அழுத்துகிறான். ‘டிக்’கென்று ஒரு சத்தம். என்ஜின் உயிர்பெறுகிறது. “ஹாரன் அடிக்காது. பாத்துப் போயிட்டு வா,” என்கிறான். அவள் கண்ணாடியை ஏற்றுகிறாள். “போறேன்.”